வயலும் ஆடுகளமும் ஒரே கணக்கு: டெல்டா ஆட்டக்காரர்களுக்கு சக்திச் செலவு வழிகாட்டி

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த வாரம். பாபநாசம் பக்கத்தில் ஒரு ஊரில் சாயங்காலக் கபடிப் பயிற்சி. எங்கள் அணியில் நன்றாகப் பாடிப் போகிற பையன், வயது 19. மூன்றாவது தடவை கோட்டுக்குத் திரும்பும்போது கால் பின்னி விழுந்தான். அடி ஏதும் இல்லை. எழுந்து உட்கார்ந்தவன், "கால்ல தெம்பே இல்ல மாஸ்டர்" என்றான்.

"மத்தியானம் சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன் மாஸ்டர்."

"காலையில?"

"டீ குடிச்சேன். அப்புறம் வரப்பு வெட்டப் போயிட்டேன்."

அன்றைக்கு ராத்திரி அவனுடைய ஒரு நாளை மணிக்கணக்காக நோட்டில் எழுதினோம். கூட்டிப் பார்த்ததும் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. பயிற்சியில் செலவான சக்தியைவிட வரப்பு வெட்டியதில் செலவானதுதான் அதிகம். அந்த வேலையை அவனும் கணக்கில் சேர்க்கவில்லை, பயிற்சி கொடுக்கிற நானும் சேர்க்கவில்லை. அதன் பிறகு எங்களிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் வாரத்தில் செய்யும் வேலை இந்த நோட்டுக் கணக்குதான். அதை அப்படியே படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை: ஒரு நோட்டு, 100 கிராம் வித்தியாசம் காட்டும் எடை மிஷின், விநாடி காட்டும் கடிகாரமோ செல்போனோ. சாப்பாட்டு விஷயத்தில் நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரி. நானும் பேச்சு வழக்கப்படி கலோரி என்றே எழுதுகிறேன்.

படி 1: சும்மா இருந்தாலே ஆகிற செலவு

நாள் முழுக்கப் பாயில் படுத்துக் கிடந்தாலும் இதயம் அடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, மூளையும் ஈரலும் சிறுநீரகமும் வேலை செய்கின்றன. அதற்கான அடிப்படைச் செலவுதான் முதல் வரி. 1990-ல் வந்த மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்குங்கள், உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டவேண்டும், பெண் என்றால் 161 கழிக்கவேண்டும்.

நம் பையன் 62 கிலோ, 170 சென்டிமீட்டர், வயது 19. 620-ம் 1,062.5-ம் கூட்டி, 95 கழித்து, 5 கூட்டினால் சுமார் 1,590 கலோரி. வெளிநாட்டாரை அளந்து செய்த சூத்திரங்கள் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது வழக்கம். அதனால் நான் எளிய வழியையே எடுத்துக்கொள்வேன்: ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு கலோரி. 62-ஐ 24-ஆல் பெருக்கினால் 1,488. வாத்தியார் இல்லாமல் பிள்ளைகளே மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

இந்த "கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி" என்பதற்கு உடற்பயிற்சி அறிவியலில் ஒரு 'மெட்' என்று பெயர். சும்மா உட்கார்ந்திருக்கிறவர் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி ஆக்சிஜன் எடுத்துக்கொள்வதாக வைத்துப் போட்ட அளவு அது. 5 மெட் வேலை என்றால் சும்மா இருப்பதைப் போல ஐந்து மடங்கு செலவு என்று அர்த்தம்.

படி 2: 24 மணி நேரத்தையும் எழுதுங்கள்

இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பயிற்சி ஒன்றரை மணி நேரத்தை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். மீதி 22 மணி 30 நிமிடம் எங்கே போயிற்று? அந்தப் பையனின் நாள் இது:

தூக்கம், 7½ மணி, 1 மெட்: 7.5
வகுப்பு, பஸ், செல்போன் என்று உட்கார்ந்தது, 8 மணி, 1.4 மெட்: 11.2
குளியல், சாப்பாடு, வீட்டு வேலை, 3 மணி, 2 மெட்: 6
நடை, 1 மணி, 3.5 மெட்: 3.5
சைக்கிள், 1 மணி, 5 மெட்: 5
வரப்பு வெட்டியது, 2 மணி, 5 மெட்: 10
கபடிப் பயிற்சி, 1½ மணி, 6 மெட்: 9

கூட்டினால் 52.2. இதை எடை 62-ஆல் பெருக்கினால் சுமார் 3,240 கலோரி. மண்வெட்டி வேலைக்கு மட்டும் 620, பயிற்சிக்கு 558.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 2,110 கலோரி, நடுத்தர வேலை 2,710, கடின வேலை 3,470. 55 கிலோ பெண்ணுக்கு முறையே 1,660, 2,130, 2,720. நம் பையன் கல்லூரி மாணவன். பார்க்கிறவர்களுக்கு அவன் உட்கார்ந்து படிக்கிறவன். உடம்புக்கோ அவன் கிட்டத்தட்ட கடின உழைப்பாளி.

உங்கள் நாளை எழுதும்போது வேலைநாள் ஒன்று, லீவு நாள் ஒன்று என இரண்டு நாளாவது எழுதுங்கள். நடவு, களை, அறுவடை நாட்களைத் தனியாக எழுதுங்கள். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்கப் போகிற பையன்கள் எங்கள் அணியில் உண்டு. அந்த நாள் இன்னொரு கணக்கு.

படி 3: ஆட்டத்துக்கான எண்

சில எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விறுவிறு நடை 4.3 மெட். மணிக்கு 8 கிலோமீட்டர் ஓட்டம் 8.3. பத்தை நெருங்கி ஓடினால் 9.8. சும்மா ஆடுகிற கால்பந்து 7, போட்டி என்றால் 10. இறகுப்பந்து 5.5 முதல் 7 வரை. கிரிக்கெட் சராசரியாக 4.8. வாலிபால் ஆடுகிற விதத்தைப் பொறுத்து 3 முதல் 6. பூப்பந்தை, அதாவது பால் பேட்மிண்டனை, 1856-லேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். நம் மண்ணின் ஆட்டம் என்ற பாசம் எனக்கு உண்டு. அதற்கும் சிலம்பத்துக்கும் எண் தேடி அலைவதைவிட, அடுத்து வரும் நாடித்துடிப்பு வழியில் கணக்கிடுவது நல்லது.

ஓட்டத்துக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. சமதரையில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. 62 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 310. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் தூரத்துக்கான செலவு பெரிதாக மாறாது.

ஒன்றைக் கவனியுங்கள். மெட் வைத்துப் போடுகிற கணக்கில், சும்மா இருந்தாலும் ஆகியிருக்கும் செலவும் சேர்ந்தே வரும். நம் பையனின் 3.5 மெட் நடை அரைமணி நேரத்துக்கு 108 கலோரி என்று வந்தால், அதில் 31 உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும். நடந்ததால் கூடுதலாகப் போனது 77 தான். "அரைமணி நடந்துட்டேன், ரெண்டு வடை சாப்பிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு விஷயங்கள் இந்த எண்களை மாற்றும். ஒன்று மணல். மேட்டூர் திறக்கும் முன்னால், கோடையில் காவிரியும் வெண்ணாறும் வறண்டு கிடக்கும்போது பையன்கள் ஆற்று மணலில் ஓடுவார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் கால் புதையும் மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி ஆகும். ஓட ஒன்றரை மடங்குக்கு மேல். சாலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறவன் மணலில் 3 கிலோமீட்டர் ஓடினாலே அதே செலவு வந்துவிடும். தூரத்தைக் குறைக்காமல் மணலுக்கு மாறிய பையன்கள்தான் கெண்டைக்கால் வலி என்று வருவார்கள்.

இன்னொன்று காற்று. டெல்டாவில் மேடு கிடையாது, நமக்கு மலையும் மேடும் ஆடிக் காற்றுதான். அந்த மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை எதிர்த்துக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதிக்கும்போது எதிரே 15 கிலோமீட்டர் காற்று வந்தால், காற்றின் தடை நாலு மடங்காகும். திரும்பி வரும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். அதனால் போகும்போது ஒரு எண், வரும்போது ஒரு எண் என்று எழுதுங்கள்.

படி 4: எவ்வளவு என்பதோடு எப்படி என்பதும்

கபடியை வெறும் 6 மெட், 7 மெட் என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும். எங்கள் ஒன்றரை மணி நேரப் பயிற்சியைப் பிரித்தால், 20 நிமிடம் உடம்பைச் சூடாக்குவது, 15 நிமிடம் கடும் பயிற்சி, 40 நிமிடம் ஆட்டம், 15 நிமிடம் ஓய்வு. சராசரிதான் 6. ஆனால் எந்த நிமிடத்திலும் பையன் சராசரியாக இருப்பதில்லை. நின்றுகொண்டிருப்பான், இல்லையென்றால் உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருப்பான்.

தசைக்குச் சக்தி மூன்று இடத்திலிருந்து வருகிறது. நம் வீட்டுக் கணக்கிலேயே சொல்கிறேன். முதலாவது கையிலிருக்கிற சில்லறை. அதாவது தசையில் தயாராக இருக்கும் ஏ.டி.பி.யும் கிரியேட்டின் பாஸ்பேட்டும். உடனே கிடைக்கும், 10 விநாடி முழு வேகத்தில் தீர்ந்துபோகும். இரண்டாவது பத்தாயத்து நெல். அது தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த கிளைகோஜன், நாம் சாப்பிட்ட சோற்றின் சேமிப்பு. மொத்தம் ஏறக்குறைய 500 கிராம், 2,000 கலோரி. இதை ஆக்சிஜன் போதாமலும் வேகமாக உடைக்கலாம், ஆனால் ஒன்று இரண்டு நிமிடத்தில் தசை எரியத் தொடங்கும். ஆக்சிஜனோடு நிதானமாகவும் எரிக்கலாம். மூன்றாவது நிலம். அதுதான் கொழுப்பு. ஒல்லியான பையனிடமும் பல பத்தாயிரம் கலோரி இருக்கும். ஆனால் நிலத்தை விற்றுக் காசாக்க நேரம் ஆகும். கோட்டைத் தொட இரண்டு விநாடி இருக்கும்போது கொழுப்பு உதவிக்கு வராது.

இனி ஒரு ரைடைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். 30 விநாடி. மூச்சை உள்ளே இழுக்காமல் ஒரே மூச்சில் கபடி கபடி என்று பாடவேண்டும். முதல் சில விநாடி பக்கவாட்டில் நகர்ந்து ஆள் பார்க்கிறான். திடீரென்று போனஸ் கோட்டுக்குக் கால் போகிறது. மூலையில் நிற்பவன் கணுக்காலைப் பிடிக்கிறான். அந்தக் கணத்திலிருந்து மூன்று நாலு பேருடைய எடையை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கித் தாவவேண்டும். மூச்சு முடியப் போகிறது. செலவெல்லாம் சில்லறையிலும், வேகமாக உடைகிற கிளைகோஜனிலும்தான். திரும்பி வந்து இடுப்பில் கைவைத்துக் குனிந்து மேல்மூச்சு வாங்குகிறானே, அந்த மூச்சுதான் கடனை அடைக்கிறது. கிரியேட்டின் பாஸ்பேட் முதல் அரை நிமிடத்தில் பாதி அளவு திரும்பும், இரண்டு மூன்று நிமிடத்தில் பெரும்பகுதி வந்துவிடும்.

இதிலிருந்து வேலைக்கு ஆகிற விஷயம் ஒன்று. ஆண்கள் ஆட்டம் இடைவேளை தவிர 40 நிமிடம். 30 விநாடிக்கு ஒன்று என்றால் சுமார் 80 ரைடு, ஒரு அணிக்கு 40. ஒரே பையனை அடுத்தடுத்து அனுப்பினால் எதிரணி ரைடு நடக்கும் அரை நிமிடம்தான் அவனுக்கு ஓய்வு, அதிலும் பிடிக்க ஓடவேண்டும். சில்லறை பாதிதான் சேர்ந்திருக்கும். இடையில் வேறு இருவரை அனுப்பினால் அவனுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. நல்ல ரைடர் ஒருவனை நம்பி ஆடுகிற ஊர் அணிகள் இரண்டாம் பாதியில் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

ஓரத்தில் ஒருவரை உட்காரவைத்து, யார் எத்தனை தடவை போனார், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி, இடையில் எவ்வளவு ஓய்வு என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஆட்டம் எதுவானாலும் சரி, இந்த எழுத்துதான் பயிற்சியை வடிவமைக்கும். கபடிக்கு 20 முதல் 25 விநாடி முழு வேகம், ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி 6 முதல் 8 தடவை. வாரத்தில் இரண்டு நாள் நீண்ட, நிதானமான ஓட்டமும் வேண்டும். மேல்மூச்சு சீக்கிரம் அடங்குவது அந்த ஓட்டத்தால்தான். தம் பிடிக்கப் பழகுகிறேன் என்று ஆற்றிலோ குளத்திலோ தண்ணீருக்குள் மூச்சடக்கிப் போட்டி போடாதீர்கள். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும்.

படி 5: நாடியைப் பிடித்துச் சரிபாருங்கள்

அதிகபட்சத் துடிப்புக்கு 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள். 19 வயதுக்கு 195. இது சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து வித்தியாசம் வரும். வேலையை நிறுத்திய உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். 125 முதல் 145 வரை என்றால் நடுத்தர உழைப்பு. பேசமுடியும், பாடமுடியாது. அதைத் தாண்டி, நாலு வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேசமுடியவில்லை என்றால் கடும் உழைப்பு. நடுத்தரத்துக்கு 3 முதல் 6 மெட், கடுமைக்கு 6-க்கு மேல் என்று எழுதலாம். களை பறிக்கும்போதும், சிலம்பம் சுற்றும்போதும் இதே வழிதான்.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் காட்டுகிற கலோரியை வைத்துச் சாப்பாட்டை முடிவு செய்யாதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட 7 கருவிகளைச் சோதித்தது. நாடித்துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. அதுபோக, நம் புழுக்கத்தில் அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உடம்பைக் குளிரவைக்க அது உழைக்கிறது. வாட்ச் அதையும் கலோரியாக எண்ணிவிடும்.

படி 6: வேர்வைக் கணக்கு

செலவாகும் சக்தியில் தசை வேலையாக மாறுவது 20 முதல் 25 சதவீதம்தான். மீதி சூடு. நம் பையன் பயிற்சியில் 558 கலோரி செலவழித்தால், அதில் ஏறக்குறைய 430 உடம்பைச் சூடாக்குகிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அப்படியானால் முக்கால் லிட்டர் வேர்வை போதுமே? போதும், ஆவியானால். ஆவணி மாதத்தில், சுற்றிலும் தண்ணீர் நிற்கிற வயல், காற்று அசையாத சாயங்காலம், அப்போது எங்கே ஆவியாகிறது? முழங்கையில் சொட்டித் தரையில் விழுகிறது. சொட்டி விழுகிற வேர்வை குளிர்ச்சி தராது, உடம்பின் தண்ணீரை மட்டும் எடுத்துப் போகும். உடம்பு மேலும் மேலும் வேர்க்கும்.

அளப்பது சுலபம். பயிற்சிக்கு முன்னால் சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த ஷார்ட்ஸ் மட்டும் போட்டு எடை பாருங்கள். முடிந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்து, அதே மாதிரி உலர்ந்த ஷார்ட்ஸில் மறுபடி பாருங்கள். குடித்த தண்ணீரை பாட்டிலில் அளந்து குடியுங்கள். நம் பையன் 62.0-ல் தொடங்கி 61.1-ல் முடித்தான், நடுவில் அரை லிட்டர் குடித்தான். இழந்தது 1.4 லிட்டர், மணிக்கு 900 மில்லிக்கு மேல். எடை குறைவு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அவனுக்கு அது 1.2 கிலோ. முடிந்த பிறகு, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, ஒரே மூச்சில் இல்லாமல் சில மணி நேரத்தில் குடிக்கவேண்டும். முடிவில் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அதுவும் ஆபத்து.

வேர்வையில் தண்ணீரோடு போகிற உப்புச் சத்தில் முக்கியமானது சோடியம். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் இதற்கு அருமையானவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. குடியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ரொம்ப வேர்க்கிற நாளில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, 6 டீஸ்பூன் சர்க்கரை.

ஒருவன் தள்ளாடுகிறான், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான், உடம்பு கொதிக்கிறது என்றால் அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. 108-க்குப் போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் பம்புசெட்டுக்கோ குழாய்க்கோ தூக்கிப் போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாமல் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

படி 7: தட்டில் நிரப்புங்கள்

3,240 கலோரி என்றதும் பையன்களின் அம்மாக்கள் பயப்படுவார்கள். பவுடர் டப்பா வாங்கச் சொல்லப்போகிறேன் என்று நினைப்பார்கள். வேண்டியதில்லை. வீட்டில் இருப்பதே போதும்.

விடியற்காலை வயலுக்குப் போகும் முன் மோர் ஊற்றிய பழைய சோறு 250 கிராம், 325 கலோரி. எட்டு மணிக்கு 5 இட்லி, சாம்பார், சட்னி, 480. மத்தியானம் 400 கிராம் சோறு, குழம்பு, பொரியல், மீன், 870. நாலரை மணிக்குப் பூவன் பழம் 2, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 375. பயிற்சி முடிந்து அரைமணிக்குள் பாலும் சுண்டலும், 405. ராத்திரி 4 தோசை, 2 முட்டை, குழம்பு, 770. கூட்டினால் 3,225.

விழுந்த அன்று நம் பையன் விட்டது பழைய சோறு, கடலையும் பழமும், பாலும் சுண்டலும். மூன்றும் சேர்ந்து 1,105 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. ஒரு வாரம் இப்படியே விட்டால் காகிதக் கணக்கில் ஒரு கிலோ குறையவேண்டும். நிஜத்தில் அவ்வளவு குறையாது. உடம்பு சுருக்கிக்கொள்ளும், அசைவைக் குறைக்கும், தசையைத் தின்னும். தெம்பில்லை என்று அவன் சொன்னது இதைத்தான்.

கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குப் புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை வேண்டும். நம் பக்கத்தில் சோறு தாராளமாகக் கிடைக்கும், புரதத்தில்தான் குறை வைப்போம். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடப்பது, மழைக்கோட்டு போட்டு ஓடுவது, எச்சில் துப்புவது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். பையன்கள் இதில் செத்தும் இருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். 50 கிலோ எடையில் கொழுப்பு நீங்கலாக 38 கிலோ என்று வைப்போம். 1,700 கலோரி சாப்பிட்டு 500 கலோரி பயிற்சியில் போனால் மீதி 1,200. 38-ஆல் வகுத்தால் சுமார் 32. இது 30-க்குக் கீழே போனால் உடம்பு முதலில் கைவிடுவது மாதவிடாயை, அப்புறம் எலும்பை. நடவுக்கும் போகிற பெண் என்றால் இந்த எண் எங்கே நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் "விளையாடுற பொண்ணுக்கு அப்படித்தான்" என்று விடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இரும்புச் சத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஆண் பிள்ளைக்கு இரண்டாவது முட்டையும் பெண் பிள்ளைக்கு மிச்சக் குழம்பும் வைக்கும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவளும் அதே களத்தில்தான் ஓடுகிறாள்.

படி 8: வாரக் கணக்கு

ஒவ்வொரு நாளும் முடிந்ததும், உழைப்பு எவ்வளவு கடினம் என்று 10-க்கு ஒரு மார்க் போட்டு நிமிடத்தால் பெருக்குங்கள். பயிற்சி 90 நிமிடம், மார்க் 7 என்றால் 630. அன்று மண்வெட்டி பிடித்தது 120 நிமிடம், மார்க் 5 என்றால் 600. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். நடவு வாரத்தில் வயல் எண் ஏறினால் பயிற்சி எண்ணை இறக்கவேண்டும். எங்கள் அணியில் நடவிலும் அறுப்பிலும் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுவோம், நுணுக்கம் மட்டும் பழகுவோம். கடும் பயிற்சியெல்லாம் தாளடி அறுத்து முடிந்து வயல் ஓய்ந்திருக்கும் மாதங்களில்.

வாரம் ஒரு நாள், எழுந்ததும் எடை. தினமும் படுக்கையிலேயே நாடி. எடை இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினாலோ, காலை நாடி வழக்கத்தைவிட 7, 8 கூடி நின்றாலோ, முதலில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கூட்டுங்கள். நோட்டில் போட்ட எண்கள் எல்லாம் மதிப்பீடுதான், எடை மிஷின்தான் தீர்ப்புச் சொல்லும். நாலு வாரத்தில் எடை நிலையாக நின்றால் உங்கள் கணக்கு சரி. இல்லையென்றால் தினசரிச் சாப்பாட்டில் 200, 300 கலோரி கூட்டியோ குறைத்தோ இன்னும் இரண்டு வாரம் பாருங்கள்.

மின்னொளிக் கபடி ராத்திரிக்கு மட்டும் ஒரு குறிப்பு

திருவிழாப் போட்டியில் ஏழு மணிக்கு முதல் ஆட்டம், ஜெயித்துக்கொண்டே போனால் விடியற்காலை நாலு மணிக்கு இறுதி ஆட்டம். பத்தாயம் காலியாவது இப்படிப்பட்ட ராத்திரியில்தான். அன்றைக்கு வயலுக்குப் போகவேண்டாம் என்று வீட்டில் முன்னாடியே சொல்லி வையுங்கள். நாலு மணிக்கு வயிறு நிறையச் சோறு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அரைமணிக்குள் இரண்டு வாழைப்பழமோ இரண்டு மூன்று இட்லியோ, உப்பு மோர் ஒரு டம்ளர். நடுராத்திரியில் புரோட்டா சால்னா வேண்டாம், எண்ணெய் வயிற்றிலேயே நிற்கும், அடுத்த ஆட்டத்தில் மேலே வரும். இடைவெளி ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் வேனில் போய்ப் படுங்கள், அடுத்த ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்னால் எழுந்து உடம்பைச் சூடாக்குங்கள்.

அந்தப் பையன் இப்போது போட்டிக்கு வரும்போது ஒரு எவர்சில்வர் தூக்கு கொண்டு வருகிறான். அவன் அம்மா கட்டிக் கொடுக்கிறார், உள்ளே 12 இட்லி, நல்லெண்ணெய் கொஞ்சமாகத் தடவி. மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.